கம்பித் துளை விழுந்த கார்டுகள்

பழைய வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கச் சாமான்களை ஒழிக்கும்போதுதான் அந்தக் கம்பி கண்ணில் படும். உத்தரத்து ஆணியில் தொங்கும். மேலே கொக்கி, அடியில் ஒரு மரக்கட்டை. வந்த கடுதாசியைப் படித்து முடித்ததும் அதில் குத்தி வைப்பார்கள். வரி ரசீது, நூல் கடைப் பாக்கிச் சீட்டு, கரண்ட் பில், நடுநடுவே தபால் கார்டுகள். கீழே போகப் போகத் தாத்தா காலம், அதற்கும் கீழே அவருடைய அப்பா காலம். ஆந்திரத்தின் நகரி, ஏகாம்பரகுப்பம், புத்தூர் பக்கத்து நெசவாளர் வீடுகளிலும் சரி, எல்லை தாண்டித் தமிழகத்தின் திருத்தணி, பள்ளிப்பட்டிலும் சரி, இந்தக் கம்பி வழக்கமான வீட்டுச் சாமான்.

ஒழிக்கும் அன்று அந்தக் கட்டு அப்படியே பழைய பேப்பர் கடைக்குப் போய்விடும். தராசில் அதன் எடை கால் கிலோகூடத் தேறாது. ஆனால் அடியில் வைக்கோல் நிறத்தில், ஓரம் மொறமொறத்துப்போய், விக்டோரியா ராணியின் தலை அச்சடித்த அட்டை நாலைந்து இருந்தால், அவற்றைத் தேடித்தான் சென்னையிலும் பெங்களூரிலும் லண்டனிலும் சிலர் வருஷக்கணக்காக அலைந்துகொண்டிருக்கிறார்கள். அவற்றின் நடுவில் கம்பி குத்திய துளை இருக்கும். வெளிநாட்டுச் சேகரிப்பாளர் அதைப் பார்த்து முகம் சுளிப்பார். இந்தப் பக்கத்துக் கார்டை அறிந்தவருக்கோ, அது ஏலக் கடையில் பிறந்ததல்ல, ஒரு வீட்டில் இருந்து வந்தது என்பதற்கு அந்தத் துளையே அத்தாட்சி.

தபால் கார்டின் வயது அப்படியொன்றும் அதிகமில்லை. வியன்னாவைச் சேர்ந்த பொருளாதாரப் பேராசிரியர் இமானுவல் ஹெர்மன் 1869 ஜனவரியில் ஒரு நாளேட்டில் கட்டுரை எழுதினார். இரண்டு வரிச் சேதிக்கு ஒரு தாள், ஒரு உறை, முழுத் தபால் கட்டணம் என்பது வீண் செலவு என்பது அவர் வாதம். அந்த ஆண்டு அக்டோபர் 1 அன்றே ஆஸ்திரியா-ஹங்கேரி அரசு உலகின் முதல் அஞ்சலட்டையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. சரியாக ஓராண்டு கழித்து இங்கிலாந்து. 1873 மே மாதம் அமெரிக்கா. 1879 ஜூலை 1 அன்று இந்தியா.

இந்தியாவின் முதல் கார்டு காலணா. உறையில் போட்ட கடிதத்துக்கு அப்போது அரையணா என்பதால் விலை சரிபாதி. லண்டனில் தாமஸ் டி லா ரூ கம்பெனி அச்சிட்டுக் கப்பலில் அனுப்பியது. வைக்கோல் நிற அட்டை, செம்பழுப்பு மை, மேலே ‘ஈஸ்ட் இந்தியா போஸ்ட் கார்டு’ என்ற தலைப்பு, அதன் கீழே ‘இந்தப் பக்கம் முகவரி மட்டுமே எழுதவேண்டும்’ என்ற கட்டளை. நம் ஆட்கள் அந்தக் கட்டளையை எவ்வளவு தூரம் மதித்தார்கள் என்பதற்குக் கார்டுகளே சாட்சி. மறுபக்கம் முழுக்க எறும்பு ஊர்வதுபோல் எழுதி, ஓரத்தில் தலைகீழாக எழுதி, இடம் போதாமல் முகவரிப் பக்கத்திலும் ‘மற்றவை நேரில்’ என்று நுழைத்திருப்பார்கள். காலணாவுக்குக் கிடைத்த இடத்தில் ஓர் அங்குலத்தைக்கூட விட மனசு வராத காலம் அது.

1899 வாக்கில் தலைப்பிலிருந்து ‘ஈஸ்ட்’ என்ற சொல் உதிர்ந்தது. அரசர்கள் மாறினார்கள், தலைகள் மாறின, விலை மட்டும் மாறவில்லை. 1922இல் அரையணாவாக உயர்த்தும்வரை 43 ஆண்டுகள் அதே காலணா. ‘காலணா கார்டு’ என்பது ஒரு பொருளின் பெயராகவே தமிழில் நிலைத்துவிட்டதற்கு இதுதான் காரணம்.

இங்கே ஒரு வேறுபாட்டைச் சொல்லிவிட வேண்டும். சேகரிப்பு உலகில் கார்டு இரண்டு சாதி. அரசே தபால் கட்டணத்தை அச்சடித்து விற்பது ஒன்று. தனியார் படம் போட்டு அச்சிட்டு, நாம் தபால்தலை ஒட்டி அனுப்புவது மற்றொன்று. இரண்டாவதுக்குத்தான் பவிசு அதிகம். சென்னையில் ஹிக்கின்பாதம்ஸ், ஸ்பென்சர், வீலே அண்ட் க்ளைன் ஸ்டுடியோ போன்ற நிறுவனங்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மவுண்ட் ரோடு, கடற்கரை, கோயில் கோபுரம், பல்லக்கு என்று படக் கார்டுகளாக அச்சிட்டுத் தள்ளின. ரவிவர்மா அச்சகம் லட்சுமியையும் சரஸ்வதியையும் கார்டில் இறக்கியது. ஓமர் கான் என்ற ஆய்வாளர் 2018இல் வெளியிட்ட ‘பேப்பர் ஜூவல்ஸ்’ நூல் முழுக்க இந்தப் படக் கார்டுகளின் கதைதான். அதே ஆண்டில் லண்டன் பல்கலைக்கழகத்தின் ‘சோவாஸ்’ கல்லூரிக் காட்சிக்கூடத்தில் சென்னை, பெங்களூர்ப் படக் கார்டுகளுக்கென்றே ஒரு கண்காட்சி நடந்தது.

வெறும் காலணா கார்டுக்கு அந்த யோகம் இல்லை. அதில் படம் கிடையாது. பார்த்தவுடன் கண்ணைப் பறிக்க எதுவுமே இல்லை. அதனாலேயே அதைச் சேர்ப்பவர்கள் வேறு வகை ஆட்கள்: பூதக்கண்ணாடிக்காரர்கள்.

அமெரிக்கர்களின் கதையைக் கேட்டால் இது புரியும். அங்கே 1873இல் வந்த முதல் ஒரு சென்ட் கார்டில் சுதந்திர தேவியின் தலை. அட்டையை வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே நீர்க்குறி தெரியும். அந்த நீர்க்குறி பெரியதா, சிறியதா என்பதை வைத்தே இரண்டு ரகம் பிரிக்கிறார்கள். 1881இல் வந்த கார்டில் ‘ஒன் சென்ட்’ என்ற எழுத்துகளுக்குக் கீழே வரிசையாகச் சிறு பற்கள். 23 பல் இருந்தால் சாதாரணம், 21 பல் இருந்தால் அபூர்வம். ஒரு மனிதர் ஞாயிற்றுக்கிழமை முழுக்க விளக்கடியில் உட்கார்ந்து கார்டுக்குப் பல் எண்ணிக்கொண்டிருப்பார் என்றால் வீட்டில் உள்ளவர்கள் என்ன நினைப்பார்கள் என்று கேட்கக் கூடாது. 1901இல் சுட்டுக் கொல்லப்பட்ட அதிபர் மெக்கின்லியின் நேர்முகத்தை வைத்து மறு ஆண்டு ஒரு கார்டு அச்சிட்டார்கள். அது பிடிக்காமல் போய், பக்கவாட்டு முகத்துடன் வேறொன்று வந்தது. நேர்முகக் கார்டுகளில் அழிப்புக்குத் தப்பி வெளியே போனவை கொஞ்சம்தான். இன்று அவை அந்நாட்டுச் சேகரிப்பில் உச்சாணிக் கொம்பு.

அரசு கார்டு வருவதற்கு முன்பே பிலடெல்பியாவில் ஜான் சார்ல்டன் என்பவர் 1861இல் ஒரு தனியார் கார்டுக்கு உரிமை வாங்கி, அதை ஹைமன் லிப்மன் என்ற எழுதுபொருள் வியாபாரிக்கு விற்றார். ‘லிப்மன் கார்டு’ கிடைப்பது குதிரைக் கொம்பு. பென்சிலின் தலையில் ரப்பரைப் பொருத்திக் காப்புரிமை வாங்கியவரும் இதே லிப்மன்தான், 1858இல். இன்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கடித்துத் துப்பும் அந்த ரப்பருக்கும் அபூர்வக் கார்டுக்கும் ஒரே தகப்பன்.

நம் கார்டுகளில் பல் எண்ணும் வேலை குறைவு. இங்கே விலை முத்திரையில் இருக்கிறது.

கல்கத்தாவிலிருந்து பம்பாய்க்குப் போன விக்டோரியா காலத்துக் கார்டு இன்றும் கட்டுக்கட்டாகக் கிடைக்கும். அதே கார்டு, அதே ராணி, அதே மை. ஆனால் ஒரு சின்ன ஊரின் முத்திரை அதில் எழுத்து சிதையாமல் விழுந்திருந்தால் கதையே வேறு. அந்தக் காலக் கார்டில் பொதுவாக இரண்டு முத்திரை இருக்கும்: புறப்பட்ட ஊருடையது, போய்ச் சேர்ந்த ஊருடையது. இரண்டு தேதியையும் ஒப்பிட்டால் சேதி எத்தனை நாளில் போனது என்று தெரிந்துவிடும். நடுவில் தபாலை ரயிலிலேயே பிரித்தடுக்கிய ரயில்வே மெயில் சர்வீஸின் (ஆர்.எம்.எஸ்.) முத்திரையும் இருந்தால் எந்த வழியாகப் போனது என்பதும் தெரியும். நகரி ஸ்டேஷன் இருப்பது சென்னை–ராய்ச்சூர் பாதையில், அரக்கோணத்துக்கும் ரேணிகுண்டாவுக்கும் நடுவே. 1871இல் முடிந்த அந்தப் பாதையில்தான் பம்பாய் மெயில் ஓடியது. பக்கத்து ஸ்டேஷனின் பெயர் வெங்கடநரசிம்மராஜுவாரிபேட்டை. ஆங்கிலத்தில் எழுதினால் 28 எழுத்து. அதை ஒரு தபால் முத்திரையின் வட்டத்துக்குள் செதுக்கச் சொன்னால் ஆசாரி கையெடுத்துக் கும்பிட்டுவிடுவார்.

இப்படி ஊர் முத்திரைகளைத் தேடுபவருக்கு நகரி வட்டாரம் ஒரு புதையல். ஏனென்றால் இந்த ஊர் நகரவே இல்லை, இதன் முகவரி மட்டும் நகர்ந்துகொண்டே இருந்தது.

1879இல் முதல் காலணா கார்டு வந்தபோது நகரியும் திருத்தணியும் புத்தூரும் கார்வேட்நகர் ஜமீன் எல்லைக்குள். ஜில்லா, வட ஆற்காடு. அதன் தலைநகரம் சித்தூர். ஆக, அந்நாளில் நகரியிலிருந்து வேலூருக்குக் கார்டு போட்டவர் தன் சொந்த ஜில்லாவுக்குள்ளேயே போட்டார். 1911 ஏப்ரல் 1 அன்று சித்தூர் தனி ஜில்லாவானது. வேலூர் அந்தப் பக்கம், நகரி இந்தப் பக்கம். கார்டில் ‘என்.ஏ. டிஸ்ட்ரிக்ட்’ என்று எழுதிப் பழகிய கை ‘சித்தூர் டிஸ்ட்ரிக்ட்’ என்று எழுத வேண்டியதாயிற்று. பழக்க தோஷத்தில் பழைய ஜில்லாவை எழுதி, பிறகு அடித்துத் திருத்திய கார்டு கையில் கிடைத்தால் சேகரிப்பாளர் அதைத் தனியாக எடுத்து வைத்துக்கொள்வார்.

1953 அக்டோபர் 1, ஆந்திரா தனி மாநிலம். அதுவரை மதராஸ் மாநிலத்துக்குள் இருந்த நகரி வேறு மாநிலமானது. 1956 நவம்பர் 1, ஆந்திரப் பிரதேசம். 1957இல் அணா போய் நயா பைசா. எல்லைப் போராட்டம், ம.பொ.சி.யின் கிளர்ச்சி, எல்லையை வகுத்த படாஸ்கர் தீர்ப்பு எல்லாம் முடிந்து 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி தமிழகப் பக்கம் வந்தது. நகரி ஆந்திரத்திலேயே தங்கிவிட்டது. இரண்டு ஊருக்கும் இடையே ரயிலில் ஏறினால் உட்கார இடம் தேடுவதற்குள் ஊர் வந்துவிடும். ஆனால் திருத்தணியில் வாழ்க்கைப்பட்ட பெண் நகரியில் இருக்கும் அம்மாவுக்குப் போட்ட கார்டு அன்று முதல் மாநிலம் தாண்டிய கார்டு.

1972 ஆகஸ்ட் 15 அன்று பின்கோடு வந்தபோது இந்த எல்லைக் கோடு எண்ணாகவே விழுந்தது. திருத்தணிக்கு 631209. நகரிக்கு 517590. அங்கே ஆறு, இங்கே ஐந்து. 1960இல் எல்லை வேறு விதமாக வளைந்திருந்தால் அந்த முதல் எண்ணும் மாறியிருக்கும். 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமானபோதும் நகரி சித்தூர் மாவட்டத்தோடேயே நின்றது.

இந்த ஆண்டுகளையெல்லாம் ஒரு சரித்திரப் புத்தகத்திலும் படிக்கலாம். ஆனால் ஒரே குடும்பம் மூன்று தலைமுறையாகப் பெற்ற கார்டுகளைத் தேதி வாரியாக மேஜையில் பரப்பினால், ஒரே தெருவுக்கு வந்த முகவரி வட ஆற்காடாகவும் சித்தூராகவும், மதராஸாகவும் ஆந்திராவாகவும், கடைசியில் ஆறு இலக்க எண்ணாகவும் கண்ணெதிரே உருமாறும். புத்தகத்தில் இதைப் பார்க்க முடியாது. கால் கிலோ பழைய பேப்பராகப் போய்க்கொண்டிருப்பது இதுதான்.

ஏன் சில கார்டுகள் தங்கின, சில தங்கவில்லை என்பதற்கும் ஒரு கதை உண்டு. கல்யாணம், காதுகுத்து, பிள்ளை பிறந்த சேதி என்றால் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி வரும். அதைப் படித்துவிட்டுச் சாமி படத்தருகே வைத்து, பிறகு பெட்டியில் போடுவார்கள். சாவுச் சேதி வந்தால் நேர் எதிர். வாசலிலேயே நின்று படித்து, அங்கேயே கிழித்துப் போட்டுவிட்டுத் தலைமுழுகுவார்கள். வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்பது சாஸ்திரம். அதனால் பழைய கட்டுகளில் ஒரு விசித்திரம்: எல்லோரும் பிறக்கிறார்கள், கல்யாணம் செய்துகொள்கிறார்கள், யாருமே சாவதில்லை. துக்கக் கார்டு முழுதாகக் கிடைத்தால், அந்த ஒரு வீட்டில் யாரோ கிழிக்க மனமில்லாமல் வைத்திருந்தார் என்றுதான் கொள்ள வேண்டும்.

தமிழர் போன ஊர்களிலிருந்து வந்த கார்டுகளும் உண்டு. 1937 ஏப்ரல் 1 வரை பர்மா இந்தியாவின் ஒரு பகுதி. ரங்கூன் முத்திரை விழுந்து காரைக்குடிக்கு வந்த கார்டில் அதுவரை இந்தியக் கட்டணமே செல்லுபடியானது. கடல் தாண்டி வந்தும் அது உள்நாட்டுத் தபால். தெற்கே திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்குத் தனித் தபால் இருந்தது. அதன் பெயர் ‘அஞ்சல்’. சங்கு முத்திரை அச்சடித்து, சக்கரம், காசு என்று அந்த நாட்டு நாணயத்தில் விலை போட்ட கார்டு. 1951இல் அது இந்தியத் தபாலோடு இணையும்வரை நாஞ்சில் நாட்டுத் தமிழர் அந்தக் கார்டில்தான் ‘இவ்விடம் யாவரும் க்ஷேமம்’ எழுதினார்கள். சமஸ்தானத் தபால் போய்விட்டது. அதன் பெயர் மட்டும் தமிழில் தபாலுக்கே பெயராக நிற்கிறது.

பழைய கார்டுக்குப் பகைவர் மூவர். முதலாவது ராமபாணப் பூச்சி. இரண்டாவது ஈரம், கடலோரக் காற்றில் அட்டை முழுக்கப் பழுப்புப் புள்ளி விழும். மூன்றாவது பகைவர் அன்பான மனிதர்கள். தாத்தாவின் கார்டு கெட்டுப்போகக் கூடாது என்று லேமினேட் செய்துவிடுவார்கள். சூடு பட்டுப் பசை ஊறியபிறகு அதைப் பிரிக்க எந்த வைத்தியமும் இல்லை. இன்னும் சிலர் ராணி தலையை மட்டும் கத்தரியால் சதுரமாக வெட்டி ஆல்பத்தில் ஒட்டிவிடுவார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஆல்பம் அச்சிட்டவர்களே அப்படி வெட்டி ஒட்டக் கட்டம் போட்டுக் கொடுத்ததால் ஆயிரக்கணக்கில் நல்ல கார்டுகள் பாழாயின. நம்மூரில் ஆல்பம் இல்லாமலேயே பிள்ளைகள் அந்த வேலையைச் செய்தார்கள். வெட்டிய தலைக்கு மதிப்பில்லை. முத்திரையும் முகவரியும் கையெழுத்தும் போனபிறகு மிஞ்சுவது, லட்சக்கணக்கில் அச்சான ஒரு படம்.

புதிதாக இதில் இறங்குபவர் செய்ய வேண்டியது எளிது. கார்டை வெட்டாமல், ஒட்டாமல், துடைக்காமல், பி.வி.சி. வாடை அடிக்காத பாலியெஸ்டர் உறையில் போட்டு இருட்டில் வைக்க வேண்டும். மை பேனாவால் குறிப்பு எழுதக் கூடாது.

கார்டு தேடப் போகும் இடங்களும் மாறிவிட்டன. நகரியிலிருந்து ரயிலேறினால் சென்னை சென்ட்ரலில் இறங்கி நாலு எட்டு வைத்தால் மூர் மார்க்கெட் என்றிருந்தது ஒரு காலம். பழைய புத்தகம், நாணயம், தபால்தலை, கார்டுக் கட்டு எல்லாம் அங்கே தரையில் கிடக்கும். 1985 மே மாதம் அது எரிந்தது. இன்று அந்த இடத்தில் மின்ரயில் வந்து நிற்கிறது. 1956இல் சென்னையில் தொடங்கிய தென்னிந்திய அஞ்சல்தலைச் சேகரிப்பாளர் சங்கம் இன்றும் இருக்கிறது. மற்றபடி வாங்கல் விற்பனை பெரும்பாலும் ஆன்லைன் ஏலத்துக்குப் போய்விட்டது. அங்கே துளை விழுந்த கார்டை ‘பழுது’ என்று குறிப்பிட்டு விலை குறைத்துப் போடுகிறார்கள். விஷயம் தெரிந்தவர் சத்தமில்லாமல் அதைத்தான் வாங்குகிறார்.

ஏலம் என்றால் ஒரு கார்டைச் சொல்லியாக வேண்டும். உலகிலேயே பழைய படக் கார்டு என்று சொல்லப்படுவது 1840இல் லண்டனில் தியடோர் ஹூக் என்ற எழுத்தாளர் அனுப்பியது. தபால் குமாஸ்தாக்களைக் கேலி செய்து கையால் படம் வரைந்து, பென்னி பிளாக் தபால்தலை ஒட்டி அனுப்பினார். யாருக்கு? தனக்கே. தபால்காரர்கள் எடுத்துப் பார்த்து எரிச்சலடையட்டும் என்ற குசும்புதான் காரணம் என்கிறார்கள். 2002இல் அது 31,750 பவுண்டுக்கு ஏலம் போனது.

தனக்குத் தானே கார்டு போடும் வழக்கம் இன்றும் இருக்கிறது, நோக்கம்தான் வேறு. 2025 செப்டம்பர் 1 முதல் பதிவுத் தபால் ஸ்பீடு போஸ்ட்டோடு கலந்துவிட்டது. ஆனால் 50 பைசா கார்டு இன்னும் செல்லுபடியில்தான் இருக்கிறது. முத்திரை சேர்ப்பவர்கள் பத்துப் பதினைந்து கார்டு வாங்கி, தங்கள் முகவரியையே எழுதிக்கொண்டு, கிளம்புகிற ஊரிலெல்லாம் தபாலாபீஸ் படியேறுகிறார்கள். பெட்டியில் போட்டால் முத்திரை பாதி விழும், மை அப்பும். அதனால் கவுன்டரிலேயே கொடுத்து, “சார், கொஞ்சம் பளிச்சுனு தெரியற மாதிரி குத்துங்க” என்று கேட்கிறார்கள். நகரியில் இதையே தெலுங்கிலும் கேட்கலாம், தமிழிலும் கேட்கலாம். கவுன்டரில் இருப்பவர் சந்தேகமாக ஒரு தரம் நிமிர்ந்து பார்ப்பார். பிறகு மைப்பெட்டியைப் பக்கத்தில் இழுத்து, முத்திரையை இரண்டு தரம் காலிக் காகிதத்தில் தட்டிப் பார்த்துவிட்டு, மூன்றாவதைக் கார்டில் வைப்பார்.